எண்பத்து நாலு கிலோவும் ஒன்பது பெட்டிகளும்

சர்க்கரை நோயின் முதல் அறிகுறி அதிகத் தாகம் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. எனக்கும் தாகம் இருந்தது. சிவகாசி வெயிலில் யாருக்குத்தான் இல்லை? எனக்கு வந்த முதல் அறிகுறி வேறு. எழுந்து ஓட வேண்டிய நேரத்தில் என்னால் தரையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. வீடு நாரணாபுரத்தில். வேலை ஒரு பட்டாசுக் கம்பெனியில், சரம் பின்னுவது. சின்ன வெடிகளின் திரிகளை நூலில் கோத்துக் கோத்துச் சரமாக்க வேண்டும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். காலை எட்டரைக்குத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்போம், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. இப்படி இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஊர் நூலகத்தில் உறுப்பினர். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஒரு டாக்டர் "வெயிட்டைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், நீங்கள் அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி நடையில் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருந்தால், உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் கதவோர இடம் என்றால் சும்மா இல்லை. பல வருஷம் வேலை பார்த்தவளுக்குத்தான் அது கிடைக்கும். காற்று வரும், வெளிச்சம் வரும். ஏதாவது ஒன்று என்றால் முதல் ஆளாக வெளியே போகலாம். இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். எனக்கு எட்டு வருஷமாகக் கதவோர இடம்.

ஆவணி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கரும்புகை கிளம்பியது. யாரோ "ஓடுங்க" என்று கத்தினார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊரில் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

நான் கையை ஊன்றினேன். இடது பாதம் என்னுடையதாகவே இல்லை. மரத்துப்போய்க் கிடந்தது. இடுப்பைத் தூக்கினால் முட்டி மடங்கியது. முட்டியை ஊன்றினால் சேலை மிதிபட்டது. கடைசியில் நாலு காலில் தவழ்ந்து வாசலுக்குப் போய், அங்கேயே குப்புற விழுந்தேன். பின்னால் இருந்த பாண்டியம்மாள் என் முதுகில் கையை ஊன்றித் தாண்டினாள். அவளுக்குப் பின்னால், எங்கள் ரூமில் வேலை பார்க்கிற மற்ற இரண்டு பேரான அக்கா தங்கச்சிகளும் தாண்டினார்கள். ஒருத்தியின் குதிகால் என் தோளில் பட்டது.

பக்கத்துக் காட்டில் ஒருவர் வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத் தூரை எரித்திருக்கிறார். அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்று மூச்சு வாங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் என்னை நேராகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை போனால், நான் சரம் பின்னுகிற பலகை என் இடத்தில் இல்லை. ரூமின் கடைசி மூலையில், அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை ஒட்டிக் கிடந்தது. போர்மேன் வாசலில் நின்றுகொண்டு, "கொஞ்ச நாளைக்கு அங்கன உக்காருங்க தாயி" என்றார். எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் பழைய இடத்தையே தருவதாகவும் சொன்னார். ஏதோ பரிசு தருவதைப் போல.

யார் போய்ச் சொன்னது என்று நான் விசாரிக்கத் தேவையில்லாமல் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் பாண்டியம்மாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினைந்து வருஷமாக ஒரே தூக்குவாளியில் குழம்பை மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள்.

"நாந்தேன் சொன்னேன் யக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. நீங்க வாசல்ல விழுந்தீகன்னா நாலு பேரும் போயிருவோம்."

அவள் சொன்னதில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. ஓட முடியாதவளைக் கதவுக்கு அருகில் வைப்பதா, தூரத்தில் வைப்பதா? என்னைக் கதவில் வைத்தால் நாலு பேருக்கு ஆபத்து. மூலையில் வைத்தால் ஒருத்திக்குத்தான். அந்த ஒருத்தி நான். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் என்னை வெறுக்கிறவர்கள் இல்லை.

அந்த வாரமே விருதுநகருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மாரியப்பன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். ஒல்லியான மனிதர். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பார், ஒன்றும் ஆகாது. கடவுளின் நியாயத்தை நான் அதற்குமேல் விசாரிக்கவில்லை. பேர்பெற்ற தனியார் மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் வாங்கினோம். ஆஸ்பத்திரி நடையில் எடை மெஷின். அங்கே நின்ற பெண், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி "எண்பத்து நாலு" என்று வாசித்தாள். என் உயரம் ஐந்தடிதான். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மிளகாய்க் கமிஷன் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வயிறு அவர் மடியில் ஒரு குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. டைப் டூ டயபடிஸ் (உடம்பில் சுரக்கிற இன்சுலினை உடம்பே சரியாகப் பயன்படுத்தாமல் போவதால் வருகிற சர்க்கரை நோய்) என்று மருத்துவர் சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"வீட்டுல உக்காந்து உக்காந்து சாப்பிட்டா இப்படித்தாம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் உட்கார்ந்திருப்பது என் வீட்டில் இல்லை ஐயா, ஊருக்கெல்லாம் தீபாவளி வரவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. டாக்டருக்கு முன்னால் நமக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஆப்பிள், தினமும் முக்கால் மணி நேரம் வேக நடை. என் வீட்டுக்காரர் தாளைத் தடவிப் பார்த்து, "நல்ல ஆர்ட் பேப்பர்" என்றார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாள் ஓட்ஸ் குடித்தேன். பசை காய்ச்சுகிற ஊரில் பிறந்தவளுக்கு அதை வேறு எப்படியும் நினைக்க முடியவில்லை. காலையில் ஐந்தரைக்கு ரோட்டோரம் நடந்தேன். டீக்கடையில் நின்ற ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "ஏலே, லோடு வருது, ஒதுங்கு" என்றான். நான் திரும்பிப் பார்த்ததும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். கண்ட பயல்களின் வாய்க்கு நம் இடுப்புத்தான் கிடைக்கிறது. மறுநாளும் அதே வழியில்தான் நடந்தேன், வீம்புக்கு.

அந்த வீம்பு என் காலைத் தின்றது. ரப்பர் செருப்பின் வார் இடது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அறுத்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வலி இருந்தால்தானே தெரியும்? மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர்தான் தரையில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு, யார் காலில் புண் என்று கேட்டார். இரண்டு பேரும் அவரவர் காலைத் தூக்கிப் பார்த்தோம். காசு பிடுங்காத இடமாகப் பார்த்து, இந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். புண்ணைக் கழுவிக் கட்டிய பிறகு, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து என் பாதத்தில் பல இடங்களில் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். தொடவே இல்லையே என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அவர் ஏழு இடங்களில் தொட்டு முடித்திருந்தார்.

இதற்கு நியூரோபதி (நாள்பட்ட சர்க்கரையால் நரம்புகள் கெட்டு உணர்ச்சி குறைவது) என்று பெயர். அப்படியென்றால் எனக்குச் சர்க்கரை நேற்று வந்ததில்லை. பல வருஷமாக இருந்திருக்கிறது. என் உடம்புக்குள் நடந்தது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

"என்ன வேலை பாக்கீக?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். சொன்னேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். வரிசையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்தபோது, மண்டை வெல்லமும் வாழைப்பழமும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பட்டாசுக்குள் அடைக்கிற வெடிமருந்துக் கலவையின் தூசி நாள் முழுதும் எங்கள் மேல் படியும். அது வயிற்றில் தங்கிவிடும், வெல்லமும் பழமும் தின்றால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் கம்பெனியில் சாயங்காலம் கேட்டில் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லமும் ஒரு பழமும் தருவார்கள். எனக்குத் தூசிப் பயம் கொஞ்சம் அதிகம். வெல்லம் பிடிக்காத அக்கா தங்கச்சிகளின் பங்கையும் வாங்கித் தின்பேன். இருபது வருஷம். தீபாவளி லீவு தவிர ஒரு நாள் தவறியதில்லை. மருந்தைப் போல நேரம் தவறாமல் தின்றேன்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "தூசி போறது நெஞ்சுக்கும்மா. வெல்லம் போறது வயித்துக்கு. ரெண்டும் எங்கனயும் சந்திக்கிறதே இல்ல."

வெல்லம் மட்டுமே நோயைக் கொண்டுவரவில்லை என்றும் சொன்னார். என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. வயது ஒரு காரணம், உட்கார்ந்த வேலை ஒரு காரணம். ஆனால் எரிகிற தீயில் தினமும் நானே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். மூக்குக்கு என்ன தருகிறார்கள் என்று அவர் கேட்டார். ஒன்றும் தருவதில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குக் காது சுட்டது. இருபது வருஷமாக மூக்கை மூட ஒரு முழம் துணி தராமல், வெல்லத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருக்கிறோம்.

அடுத்தது செருப்பு. இந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு வெறுங்காலில் ஒரு அடிகூட நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. கம்பெனியிலோ செருப்பு போட்டு ரூமுக்குள் காலை வைத்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். உரசினால் தீப்பொறி வரும் என்று பயம். அது நியாயமான பயம்தான். அவர் சொல்வதும் நியாயம், இவர்கள் சொல்வதும் நியாயம். நடுவில் என் கால் மாட்டிக்கொண்டது. கடைசியில், ரூம் வாசல்வரை செருப்பு, உள்ளே வெறுங்கால், தினமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். என் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

உடற்பயிற்சிக்கு அவர் ஓட்டமும் சொல்லவில்லை, வேக நடையும் சொல்லவில்லை. புண் ஆறும்வரை நடையே வேண்டாம் என்றார். "உங்க வேல உக்கார்றது. அப்ப எந்திரிக்கிறதுதான் உங்களுக்கு எக்சர்சைஸ்" என்றார். தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அதோடு எடை தூக்க வேண்டும். தொடையும் முதுகும் பலமானால் அந்தத் தசையே சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் என்றார். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, "தினமும் எடை தூக்கும் பயிற்சி" என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பின்னால் அது எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது தெரியாது.

முதல் நாள் ஒரு தடவைகூட எழுந்திருக்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நான் நிமிரும்போது ஒன்பது ஆகியிருந்தது. ஒன்பது எண்ணுகிற நேரத்தில் ஒரு ரூம் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் எழுந்து டீ போடப் போனார்.

ஓட்ஸை விட்டேன். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, பாதி வயிற்றுக்குக் காய். ஐந்தரை மணிக்கு வெல்லத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல். கேட்டில் வெல்லம் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னபோது வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாண்டியம்மாள் அன்றைக்கு என்னோடு பேச்சு வார்த்தையில் இல்லை. இருந்தும் பொறுக்கமாட்டாமல், "நெஞ்சடைச்சுச் சாவப்போறீக யக்கா" என்றாள். நான் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து நாலு மடிப்பாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டேன். கொள்ளைக்காரி என்று பேர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் அக்கா தங்கச்சிகள் இரண்டு பேரும் அதே மாதிரி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தீபாவளி முடிந்து இரண்டு மாத லீவு. தை பிறந்து வேலைக்குத் திரும்பியபோது எழுபத்தேழு கிலோ. கையை ஊன்றாமல் எழுந்தேன், எண்ணிக்கை ஐந்து. ஹெச்.பி.ஏ.ஒன்.சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பத்திலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தது. போர்மேனிடம் போய் நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் எளைங்க, சீசன் வரட்டும், பாப்போம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் இன்னும் இளைக்கத்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டே மூலைக்குத் திரும்பினேன். பாருங்கள், எனக்கு இருந்த புத்தியை.

பங்குனியில் ஒரு நாள் இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றார்கள். இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் கம்பெனியில் பெட்டிகளுக்கெல்லாம் கால் முளைத்துவிடும். காலையில் நான் ரூமுக்குப் போனபோது, நான் ஏழு மாதமாக முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி அடுக்கு இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்திருந்தது. வெளியே செம்மண்ணும் ஒரு வேப்பங்கன்றும் தெரிந்தன. என் பலகையிலிருந்து அந்தக் கதவுக்கு ஒன்றரை அடி.

எனக்கு அந்தக் கதவு தெரியாதா? தெரியும். ஒவ்வொரு ரூமுக்கும் இரண்டு கதவு இருக்க வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், எதையும் அடைத்து வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ரூமில் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, அது சுவர் என்றே என் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. அன்றைக்கு முழுதும் முதுகில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கை ஓடவில்லை, சரம் ஓடவில்லை.

மறுநாள் பெட்டிகள் திரும்ப வந்தன. எண்ணினேன். ஒன்பது. பின்னி முடித்த சரம் நிறைந்த பெட்டிகள். வேலை நடக்கிற ரூமில் அவை இருக்கவே கூடாது. ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஒன்பதும் சேர்ந்தால் என் எண்பத்து நாலைவிட அதிகம்.

ஏழு மாதமாக என் உடம்பைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. போர்மேன் பேசினார், டாக்டர் பேசினார், டீக்கடைக்காரன் பேசினான், என் சிநேகிதி பேசினாள். நான் வாசலை அடைப்பேன் என்று என்னைத் தூக்கி மூலையில் போட்டார்கள். மூலையில் ஏற்கெனவே ஒரு வாசலை அடைத்துக்கொண்டு ஒன்பது பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. அவற்றை இளைத்து வரும்படி யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அழுகை வந்தது, அழவில்லை.

போர்மேனிடம் கேட்டேன். பேக்கிங் ஷெட்டில் இடம் இல்லை, லோடு ஏற்ற வண்டி வரவில்லை, இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு நாள் போய் நாலு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் நான் கால் மணி நேரம் முன்னால் போனேன். முதல் பெட்டியைத் தூக்கினேன். டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல், வயிற்றோடு அணைத்துத் தூக்கினேன். பேக்கிங் ஷெட் அறுபது எழுபது அடி தூரத்தில். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பதையும் கொண்டுபோய் அங்கே வாசலில் இறக்கினேன். கதவின் கொண்டியை நீக்கித் தள்ளினேன். கீல் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்து இடித்தேன். திறந்தது. வியர்த்து ஊற்றியது. மூன்றாம் பெட்டியிலேயே மூச்சு வாங்கியவள் ஒன்பது வரைக்கும் போனதை நினைத்து எனக்கே ஆச்சரியம்.

போர்மேன் வேகமாக வந்தார். "பெட்டி தூக்குறது லோடுமேன் வேலை. நீங்க எதுக்குத் தூக்குறீக?" என்றார். சீட்டை எடுத்து நீட்டினேன். தமிழில் எழுதியிருந்ததால் அவரே வாசித்துக்கொண்டார்.

"எடையக் குறைன்னு நீங்கதான சொன்னீக" என்றேன். "டாக்டரம்மா எட தூக்கச் சொல்லியிருக்காக. தெனமும் தூக்குவேன்."

சீட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டிகள் ரூமுக்குத் திரும்பின. மறுநாள் காலை தூக்கினேன். திரும்பவும் வந்தன. திரும்பவும் தூக்கினேன். நான் தூக்க ஆரம்பித்த நாலாம் நாள் ஐந்தாவது பெட்டிக்குக் குனிந்தபோது, அதன் மறுமுனையில் இரண்டு கைகள் வந்தன. பாண்டியம்மாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஒத்தையில தூக்காதீக" என்றாள். இரண்டு பேரும் தூக்கிப்போனோம். பாதி வழியில், "எனக்கும் அந்தக் கதவு தெரியும் யக்கா" என்றாள். எனக்கும்தான் தெரியும் என்றேன். பிறகு அக்கா தங்கச்சிகளும் வந்தார்கள். இரண்டு வாரத்தில், தினமும் இந்தக் கூத்தைப் பார்க்க முடியாமலோ, மற்ற ரூம்காரர்கள் எட்டிப்பார்க்க ஆரம்பித்ததாலோ, எங்கள் ரூமுக்குப் பெட்டி வருவது நின்றுபோனது. மற்ற ரூம்களில் நின்றதா என்று கேட்காதீர்கள். இரண்டு ரூமில் நின்றது, மற்றவற்றில் இல்லை. அதற்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சீசனுக்கு எழுபத்திரண்டு கிலோவுக்கு வந்தேன். போர்மேன் நாலு பேர் முன்னால் என்னைக் காட்டி, "பாருங்க, மனசு வச்சா முடியும்" என்றார். கதவோர இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காக என்மேலேயே கோபமும் வந்தது. வேண்டாம், பாண்டியம்மாளுக்கு இப்போது முட்டியில் தேய்மானம் (மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது), அவள் அங்கே உட்காரட்டும் என்றேன். எங்கள் ரூமில் இப்போது அதுதான் வழக்கம். யாரால் சட்டென்று எழ முடியவில்லையோ அவளுக்குத்தான் கதவோரம். நான் இரண்டாம் கதவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் உட்காரும் முன் அதை ஒரு தடவை தள்ளிப் பார்ப்பேன்.

என் உடம்பைச் சீராக்க ஒன்றரை வருஷம் பிடித்தது. அந்தக் கதவைத் திறக்கக் கால் மணி நேரம். உங்களையும் இளைக்கச் சொல்வார்கள். இளையுங்கள், நல்லதுதான். மாத்திரையை விடாதீர்கள், காலைத் தினமும் பாருங்கள், எழுந்து எழுந்து உட்காருங்கள். அதோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

பாதத்தின் உணர்ச்சி முழுதாகத் திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தரை இருக்கிறது என்பதை நான் இப்போது முட்டியால்தான் தெரிந்துகொள்கிறேன். நேரமும் முன்போல இல்லை. மணி, நிமிஷம் எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு ஒவ்வோர் இடமும் ஓர் எண், எழுந்து வெளியே போக எத்தனை எண்ண வேண்டும் என்பது. பஸ்ஸில் என் இருக்கையிலிருந்து படிக்கு ஏழு. கோவிலில் சந்நிதியிலிருந்து வெளியே பதினொன்று. கம்பெனியில் இரண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலை போடும் முன் எண்ணிவிடுகிறேன். இதை அடுப்படித் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து வாசலுக்கு நாலு. நிலைப்படியில் என் வீட்டுக்காரர் சைக்கிளைச் சாத்தி வைத்திருக்கிறார். எழுந்துபோய் அதை நகர்த்திவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம் என்று நினைத்தேன். நகர்த்திவிட்டு வந்தேன். இப்போது மூன்று.